குழந்தை தாங்கித் தாங்கி நடக்கிறதா? இடுப்பை மட்டும் பார்த்தால் போதாது

உங்கள் அக்கா பையனுக்கு ஆறு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாக ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். கீழே விழவில்லை, காய்ச்சல் இல்லை. 'எங்கடா வலிக்குது?' என்று கேட்டால் முழங்காலைக் காட்டுகிறான். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, அதில் ஒன்றுமே இல்லை. 'வளர்ற பையன், வளர்ச்சி வலியா இருக்கும்' என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மா போட்டுவிட்டார். சித்தப்பா ஒரு தைலத்தின் பெயரை அனுப்பியிருக்கிறார்.

எலும்பு மருத்துவம் படிப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: குழந்தை முழங்கால் வலி என்று வந்தால் இடுப்பைப் பார். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகள் பொதுவானவை. அதனால் கோளாறு மேலே இருக்க, வலி கீழே தெரியும். எக்ஸ்ரே எடுக்க வேண்டியது இடுப்புக்குத்தான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் படத்தில் தெரியும் பிரச்சினை இடுப்போடு முடிந்துவிடும். சிலருக்கு அப்படி முடியாது. உடம்பு முழுக்க இருக்கும் இணைப்புத் திசுவில் பரம்பரையாக வந்த ஒரு கோளாறு, எடையைத் தாங்கும் இடுப்பில் முதலில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதைத் தவறவிட்டால் தேவையில்லாத ஆபரேஷன், வருடக்கணக்கில் வேலைக்கு ஆகாத மாத்திரை, சில குடும்பங்களில் பார்வை இழப்பு வரைக்கும் போய்விடும். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழந்தைக்குக் காய்ச்சலும் இருக்கிறது, காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இணைப்புத் திசு என்றால் என்ன?

'முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று கிரிக்கெட் ஆடுகிற நண்பர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஜவ்வு ஓர் இணைப்புத் திசு. எலும்பு முனையில் வழவழப்பாக இருக்கும் குருத்தெலும்பு, தசையை எலும்போடு கட்டும் நாண், தோலின் அடித்தளம், ரத்தக்குழாயின் சுவர், கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் ஜெல் எல்லாமே அந்தக் குடும்பம்தான். இவற்றின் முக்கியக் கட்டுமானப் பொருள் கொலாஜன் என்ற புரதம். ஸ்கின்கேர் விளம்பரத்தில் வருகிற அதே கொலாஜன்.

கொலாஜனில் பல வகை உண்டு. எலும்பிலும் தோலிலும் பெரும்பாலும் முதல் வகை. குருத்தெலும்பிலும் கண்ணின் ஜெல்லிலும் இரண்டாம் வகை. இடுப்புக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு கேட்கப் போகிறீர்கள். அதற்கான பதில் இந்த வரியில்தான் இருக்கிறது.

கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. மூன்று இழைகள் ஒன்றையொன்று இறுக்கமாகச் சுற்றியிருக்கும். அப்படி இறுக்கமாகச் சுற்ற வேண்டுமானால் ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடத்தில் எல்லாம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். ஓர் இடத்தில் அதற்குப் பதிலாகக் கொஞ்சம் பெரியது வந்து உட்கார்ந்தால் போதும், முறுக்கு அங்கே புடைத்துக்கொள்ளும், கயிறு பலவீனமாகும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இதைச் செய்துவிடும்.

இடுப்பு ஏன் முதலில் மாட்டுகிறது?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் மேல்முனை பந்து, இடுப்பெலும்பில் இருக்கும் குழி கிண்ணம். பிறக்கும்போது அந்தப் பந்து முழுக்கக் குருத்தெலும்புதான். அதற்குள் எலும்பு மெதுவாக உருவாகி, பதின்ம வயதில்தான் முழுமை பெறுகிறது. அதுவரை ஓடுவது, குதிப்பது, மாடிப்படி என்று எல்லா எடையையும் இந்தப் பாதி வெந்த எலும்புதான் தாங்குகிறது. அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் சில மெல்லிய குழாய்களை நம்பித்தான். குருத்தெலும்பின் தரம் சற்றுக் குறைந்தாலும் இங்கே சீக்கிரம் வெளிப்பட்டுவிடும்.

குழந்தைகளுக்கு வரும் இடுப்பு நோய்களில் அதிகம் பேசப்படுவது பெர்தஸ். அமெரிக்காவில் லெக், பிரான்ஸில் கால்வே, ஜெர்மனியில் பெர்தஸ் என்று மூன்று மருத்துவர்கள் 1910-ல் தனித்தனியாக இதை விவரித்தார்கள். பந்துக்குப் போகும் ரத்தம் ஏதோ காரணத்தால் தடைபடுகிறது. எலும்பின் அந்தப் பகுதி உயிரிழந்து, நொறுங்கி, பிறகு சில வருடங்களில் மெல்ல மறுபடியும் கட்டப்படுகிறது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு அதிகம். சிகிச்சையின் நோக்கம் ஒன்றுதான்: எலும்பு மென்மையாக இருக்கும் காலத்தில் பந்தைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்திருப்பது. அப்போதுதான் திரும்ப வளரும்போது உருண்டையாக வளரும். மாவு இறுகும்வரை அச்சுக்குள் வைப்பதைப் போல. சிலருக்குக் கண்காணிப்பும் பயிற்சியும் போதும், சிலருக்கு மாவுக்கட்டு அல்லது ஆபரேஷன்.

இந்த நோய் எங்கும் ஒரே அளவில் இல்லை. இந்தியாவின் தென்மேற்குக் கடற்கரையில் அதிகம் தென்படுகிறது என்று மணிப்பாலைச் சேர்ந்த குழந்தைகள் எலும்பு அறுவை மருத்துவர் பெஞ்சமின் ஜோசப்பும் சக மருத்துவர்களும் 1980களிலேயே ஆய்வு வெளியிட்டார்கள். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இது மேலை நாடுகளைவிடச் சற்றுத் தாமதமான வயதில் தொடங்குகிறது என்பதும் அவர்கள் கவனித்ததுதான். வயது இங்கே முக்கியம். சின்ன வயதில் வந்தால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள நிறையக் காலம் இருக்கிறது. எட்டு வயதுக்கு மேல் அந்த அவகாசம் குறைவு.

பெர்தஸ் ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை. பெரும்பாலும் இது பரம்பரை நோயும் இல்லை. ஆனால் சில குடும்பங்கள் அந்தப் பொது விதிக்குள் அடங்கவில்லை.

ஒரே பிழை, தைவானிலும் ஜப்பானிலும்

தைவானில் சில குடும்பங்களில் தொடை எலும்பின் பந்து செத்துப்போகும் நோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்கள் தேடிப்போனபோது இரண்டாம் வகை கொலாஜன் மரபணுவில், அதாவது சிஓஎல்2ஏ1 மரபணுவில், பிழை இருந்தது. மேலே சொன்ன அதே கிளைசின் கதை: கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் செரின். இது 2005-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு வருடம் கழித்து ஜப்பானில் ஒரு குடும்பம். அங்கே பலருக்கும் பெர்தஸ் என்று சொல்லப்பட்ட நோய். சோதித்தால் அதே மரபணுவில் அதே இடத்தில் அதே பிழை.

இதை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். பெர்தஸ் வந்த எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பிழை இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால், அல்லது இரண்டு இடுப்பும் பாதிக்கப்பட்டால், 'இது வேறு ஏதாவதா?' என்று கேட்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வுகள் மருத்துவர்களுக்குச் சொன்ன செய்தி.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால்?

உண்மையான பெர்தஸ் இரண்டு பக்கமும் வருவது பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அப்போதும் ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால் என்று வெவ்வேறு கட்டத்தில் இருக்கும். எக்ஸ்ரேயில் இடது வலது இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அளவில் நொறுங்கியிருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

அந்தச் சந்தேகப் பட்டியலில் முன்னால் இருப்பது பல மூட்டுகளின் எலும்பு முனைகள் சரியாக உருவாகாத ஒரு பரம்பரைக் கோளாறு. மருத்துவர்கள் எம்.இ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். குருத்தெலும்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்களின் மரபணுக்களில் பிழை. குழந்தை சற்றுக் குள்ளமாக இருக்கலாம், முழங்கால், கணுக்கால் படங்களிலும் மாற்றம் தெரியலாம். அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் இடுப்பு மாற்று ஆபரேஷன் நடந்திருக்கலாம். 'அவங்க வீட்டுல எல்லாருக்குமே மூட்டு வலி' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிற குடும்பம் இதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பெர்தஸ் ரத்த ஓட்டம் நின்ற நோய், சில வருடங்களில் தன் சுற்றை முடித்துக்கொள்ளும். எம்.இ.டி. எலும்பு உருவாகும் விதத்திலேயே உள்ள கோளாறு, அப்படி ஒரு சுற்று அதற்குக் கிடையாது. அதைப் பெர்தஸ் என்று நினைத்து ஒரு பையனை மாதக்கணக்கில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால், பள்ளி போய், விளையாட்டு போய், பலன் மட்டும் இருக்காது.

எல்லாவற்றையும் மரபணு மேல் போட்டுவிடவும் கூடாது. சிகிச்சை இல்லாமல் விட்ட தைராய்டு குறைபாடும் இரண்டு இடுப்பையும் இப்படியே காட்டும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையும் உண்டு. அரிவாள் செல் ரத்தசோகையிலும் பந்து உயிரிழக்கும். நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களில் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். இந்தியாவில் காசநோய் இடுப்பையும் விட்டுவைப்பதில்லை.

சோடாபுட்டி கண்ணாடியும் இடுப்பு வலியும்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரு பகுதியை மட்டும் யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் இதை அனுப்புங்கள்.

1965-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் குன்னர் ஸ்டிக்லர் என்ற குழந்தை மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். மூட்டுக் கோளாறும் கண் கோளாறும் சேர்ந்து தலைமுறைகளாக வந்துகொண்டிருந்த குடும்பம். இன்று அது ஸ்டிக்லர் சிண்ட்ரோம். பெரும்பாலானோருக்குக் காரணம் நாம் ஏற்கெனவே பார்த்த அதே இரண்டாம் வகை கொலாஜன் மரபணு. குருத்தெலும்பிலும் கண் ஜெல்லிலும் இருக்கும் பொருள் ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன.

சிறு வயதிலேயே தடித்த கண்ணாடி. தட்டையான மூக்குத்தண்டு. சிலருக்குப் பிறக்கும்போதே அண்ணப் பிளவு. சிலருக்குக் காது கேட்பதில் குறை. மூட்டுகள் சின்ன வயதில் தளர்வாக வளையும், முப்பது நாற்பதில் தேய்ந்துபோகும். சிலருக்கு இடுப்பு எக்ஸ்ரே பெர்தஸ் மாதிரியே இருக்கும்.

ஆபத்து இடுப்பில் இல்லை. இவர்களுக்கு விழித்திரை கிழிந்து விலகிக்கொள்ளும் அபாயம் மிக அதிகம், அதுவும் குழந்தைப் பருவத்திலேயே. சின்னப் பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கினால் அது வந்து சொல்லாது, மற்ற கண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். வீட்டில் தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் விழித்திரை நிபுணர் குறிப்பிட்ட இடைவெளியில் பார்ப்பார். தேவைப்பட்டால் லேசர் அல்லது உறைநிலைச் சிகிச்சை மூலம் விழித்திரையை ஓரத்தில் ஒட்டவைத்து அபாயத்தைக் குறைக்க முடியும்.

ஆகவே இடுப்பு வலிக்காக எலும்பு டாக்டரிடம் போகிற குழந்தை பவர் அதிகமான கண்ணாடியும் போட்டிருந்தால், அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அவரிடம் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பரிசோதனை மேசையில் படுக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

'முடக்குவாதம்' என்று சொல்லப்படுகிற, முடக்குவாதம் இல்லாத நோய்

இது நம் ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. குழந்தைக்கு மூன்று முதல் எட்டு வயது வாக்கில் விரல் கணுக்கள் புடைக்கத் தொடங்கும். பிறகு விறைப்பு. இடுப்பு இறுகும், சம்மணம் போட்டு உட்கார முடியாது, நடை மாறும். பார்க்கிற யாருக்கும் குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றுதான் தோன்றும். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் என்று வருடக்கணக்கில் போகும். பலன் இருக்காது.

இருக்க முடியாது. ஏனென்றால் இங்கே அழற்சியே இல்லை. ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இயல்பாக இருக்கும். விரல் புடைத்திருப்பது எலும்பு முனை பெருத்ததால், நீர் கோத்ததால் அல்ல. முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகள் தட்டையாகத் தெரியும். பெயர் பி.பி.ஆர்.டி. 'முடக்குவாதம் போன்ற தோற்றம் தந்து முற்றிக்கொண்டே போகும் எலும்பு வளர்ச்சிக் கோளாறு' என்று விரித்துச் சொல்லலாம். குருத்தெலும்பைப் பராமரிக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் பிழை. அது 1999-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இருபதுகளிலேயே பலருக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன் தேவைப்படுகிறது.

உலகில் அரிது என்று சொல்லப்படும் இந்த நோயைப் பற்றி இந்தியாவிலிருந்து குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. பல இந்தியக் குடும்பங்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்தும் இதைப் பற்றி ஆய்வு வெளியாகியிருக்கிறது.

இங்கே சொந்தத்தில் கல்யாணம் என்ற பேச்சு வராமல் இருக்காது. பி.பி.ஆர்.டி. ஒடுங்கு பண்பாக வருவது. அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான ஒரு பிரதி இருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்தால்தான் நோய். பெற்றோர் இருவருக்கும் எந்தக் குறையும் தெரியாது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. அதற்காக உறவில் மணந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. உறவுக்கு வெளியே மணந்தவர்களுக்கும் இது வரும். ஸ்டிக்லர், எம்.இ.டி.யின் பெரும்பாலான வகைகளுக்குச் சொந்தத்தில் கல்யாணம் செய்ததோடு தொடர்பே இல்லை. அவற்றில் ஒரு பிரதி பழுதானாலே போதும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பி.பி.ஆர்.டி.யில் நான்கில் ஒன்று.

ஹந்திகோடு: ஒரு கிராமத்தின் பெயரே நோயின் பெயரானது

கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டம், சாகரா தாலுகாவில் ஹந்திகோடு என்று ஓர் ஊர். 1970களின் நடுவில் அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் இளம் வயதினர் இடுப்பும் முழங்காலும் வலித்து முடங்குவது வெளியே தெரியவந்தது. சிலர் குள்ளமாகவும் இருந்தார்கள். பெரும்பாலும் வயல் வேலை செய்யும் தலித் குடும்பங்கள்.

முதலில் சந்தேகப்பட்டது பூச்சிமருந்தை. மருந்தடித்த நெல் வயலில் பிடித்த நண்டைச் சாப்பிட்டதால் வந்தது என்ற பேச்சு பரவியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1977-ல் இதைக் குடும்பவழி மூட்டு நோய் என்று விவரித்தார்கள். பிறகு வந்த எக்ஸ்ரே ஆய்வுகளும் வம்சாவளி ஆய்வுகளும் முதுகெலும்பும் எலும்பு முனைகளும் சரியாக உருவாகாத ஒரு பரம்பரைக் கோளாறு இது என்ற பக்கம் கைகாட்டின. ஒரு பிரதி பழுதானாலே வெளிப்படும் வகை. மிக மோசமாகப் பாதிக்கப்படுவது இடுப்பு.

நண்டு தின்றதால் வந்தது என்று நம்பினால் நண்டை விட்டுவிட்டால் போதும் என்று தோன்றும். பரம்பரை என்றால் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு: எந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலேயே கண்காணிக்க வேண்டும், யாருக்கு எப்போது மாற்று மூட்டு, ஊனமுற்றோர் சான்றிதழ் யாருக்கு. ஏழைக் குடும்பங்கள் அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கப் பத்தாண்டுக் கணக்கில் காத்திருந்தன.

பிறக்கும்போதே தளர்ந்த இடுப்பு

இதுவரை பார்த்தது குருத்தெலும்பின் கதை. ஜவ்வு தளர்ந்தால் வேறு கதை. பந்து கிண்ணத்தில் நிற்காமல் நழுவும். பிறவி இடுப்பு நழுவல் ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இருக்கும். பெண் குழந்தை, முதல் பிரசவம், வயிற்றில் கால் கீழாக இருந்தது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது ஆகியவை அபாயக் காரணிகள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பட்டை மாதிரி ஒரு சாதனத்தில் கால்களை விரித்து வைத்தே சரிசெய்துவிடலாம். நடக்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்தால் ஆபரேஷன். மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், பிறந்த குழந்தைகளிடம் தேட வேண்டிய குறைகளின் பட்டியலில் இதுவும் உண்டு.

நம் வீடுகளில் குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்காரவைத்துத் தூக்குவது இந்த மூட்டுக்கு நல்ல நிலை. கால் இரண்டையும் நேராக நீட்டித் துணியில் இறுக்கிச் சுற்றுவது நல்லதல்ல.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தனியாக வருவது. ஆனால் இரண்டு இடுப்பும் பிறக்கும்போதே முழுமையாக நழுவியிருந்தால், கூடவே உடம்பு துவண்டு, தோல் இழுத்தால் நீள்கிறது என்றால் எலர்ஸ் டான்லாஸ் கோளாறின் ஓர் அரிய வகையை நினைக்க வேண்டும். முழங்கால், முழங்கையும் சேர்ந்து நழுவியிருந்தால் லார்சன் சிண்ட்ரோம். வழக்கமான சிகிச்சை இவர்களுக்குத் தோற்றுப்போகலாம். அதைவிட முக்கியம், லார்சனிலும் இரண்டாம் வகை கொலாஜன் கோளாறுகள் சிலவற்றிலும் கழுத்தெலும்பு நிலையற்று இருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தைச் சாய்ப்பார்கள். அதற்கு முன் கழுத்துக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்தார்களா என்பது தண்டுவடத்தின் விஷயம்.

மார்ஃபான் கோளாறில் கிண்ணம் அளவுக்கு மீறி ஆழமாகிவிடும். பலருக்கு வலியே இருக்காது. அங்கே கவலை இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி பற்றித்தான்.

விரலைப் பின்னால் வளைக்கிறாள், கட்டைவிரலை மணிக்கட்டில் தொடுகிறாள் என்று உடனே பயப்பட வேண்டாம். குழந்தைகள் இயல்பிலேயே வளைவார்கள். பரதநாட்டிய வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வலி, அடிக்கடி மூட்டு நழுவுதல், தோல் சுலபமாகக் கிழிதல் ஆகியவை கூட வந்தால்தான் மேலே பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

ஒரு காகிதத்தில் மூன்று தலைமுறையை எழுதுங்கள். யார் குள்ளம், யாருக்குச் சின்ன வயதில் மூட்டு மாற்றம், யாருக்கு விழித்திரை ஆபரேஷன், யாருக்கு அண்ணப் பிளவு, யார் யாரை உறவில் மணந்தார்கள். அம்மாவிடம் கேட்டால் பாதி கிடைக்காது. அத்தையிடம் கேளுங்கள். 'தாத்தா விந்தி விந்தித்தான் நடப்பார், சைக்கிள்ல விழுந்துட்டார்னு சொல்வாங்க' என்ற வரிகூட எழுத வேண்டியதுதான். யாருக்கும் எதுவும் இல்லை என்றாலும் விஷயம் முடிந்துவிடாது. பிழை அந்தக் குழந்தையிலேயே புதிதாகத் தொடங்கியிருக்கலாம்.

மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம்: இரண்டு இடுப்பும் ஒரே கட்டத்திலா இருக்கின்றன? முழங்கால், கை, முதுகெலும்புக்கும் படம் வேண்டுமா? தைராய்டு பார்த்தாயிற்றா? கண் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? இதையெல்லாம் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மரபணுப் பரிசோதனை அதற்குப் பிறகுதான். இப்போது ஆன்லைனிலேயே கிட் வாங்கலாம் என்பதால் பலர் அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். எக்ஸ்ரேயும் குடும்ப வரலாறும் இல்லாமல் வருகிற ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று ஒரு வரி இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, தூக்கம்தான் போகும். மரபியல் ஆலோசகர் சொன்ன பிறகு, எந்த மரபணுவைத் தேடுகிறோம் என்று தெரிந்து செய்தால் பணத்துக்கு அர்த்தம் உண்டு. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் தம்பதிக்கு அந்த விடை மிக முக்கியம். ரிப்போர்ட் வந்தால் இன்ஷூரன்ஸ் போய்விடுமோ என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. மரபணு நோய் என்ற காரணத்தைக் காட்டி விலக்கும் பிரிவைப் புதிய மருத்துவக் காப்பீடுகளில் சேர்க்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் பாலிசியில் பிறவிக் குறைபாடு பற்றிய வரிகளை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. முப்பது வயதில், நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எழுந்தால் தொடை இடுக்கில் வலிக்கிறது, சம்மணம் போட முடியவில்லை, அப்பாவும் இப்படித்தான் கஷ்டப்பட்டார் என்றால் நாற்காலியை மாற்றுவதற்கு முன் ஓர் இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் உங்கள் பிள்ளையையும் தம்பி பிள்ளையையும் சின்ன வயதிலேயே பார்க்கச் சொல்லலாம். அக்கா பையனுக்கு அந்த இடுப்புப் படம் இன்னும் எடுக்கவில்லை என்றால், இன்றைக்கே அக்காவுக்கு ஒரு போன் பண்ணுங்கள்.